உஷார்! உங்கள் ப்ராஜெக்டை எழுதித் தர ஒருவர் காத்திருக்கிறார்

பொங்கல் முடிந்து கல்லூரி திறந்ததும், கடைசி ஆண்டு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வகைச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். எந்தத் துறையானாலும் ப்ராஜெக்ட் செய்து தரப்படும், பி.எட். ரெக்கார்டு எழுதித் தரப்படும், அசைன்மென்ட் ஒரே நாளில் கிடைக்கும், ‘ஒரிஜினல்’ என்பதற்கு ரிப்போர்ட்டும் சேர்த்துக் கொடுக்கப்படும். கீழே ஒரு செல் நம்பர் இருக்கும். பெயரோ முகவரியோ இருக்காது. பாதிப் பணத்தை ஜிபேயில் போட்டால் வேலை தொடங்கும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைக் கடைசிவரை படித்துவிட்டு, அந்த நம்பருக்கு அழைப்பதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். போனால் சில ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். மதிப்பெண் போகலாம், ஒரு வருடம் போகலாம், முதுகலையும் ஆராய்ச்சியும் படிப்பவர்களுக்கு வாங்கிய பட்டமே கைவிட்டுப் போகலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கு உதவி தேடுவது தவறே கிடையாது. குரும்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஜெயங்கொண்டம், அரியலூர் என்று இங்கிருக்கும் அரசுக் கல்லூரிகளுக்கு டவுன் பஸ் பிடித்து வரும் பிள்ளைகளில் ஏராளமானோர் அவரவர் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பன்னிரண்டாம் வகுப்புவரை கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்து எழுதித்தான் பழக்கம். அப்படிப்பட்டவரிடம் திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து, நாற்பது ஐம்பது பக்கம் சொந்தமாக எழுதி வா, அதையும் ஆங்கிலத்தில் எழுதி வா என்றால் கை நடுங்கத்தான் செய்யும். முன்னுரை எப்படித் தொடங்குவது, படித்த புத்தகத்தை அடிக்குறிப்பில் எப்படிக் குறிப்பது, அட்டவணைக்குக் கீழே என்ன எழுதுவது என்று யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில்தான் எழுதித்தர ஆள் வருகிறார். அவர் விற்பது எழுத்தை. வாங்குகிறவர் கொடுப்பது தன் பயத்தை.

எல்லாக் கடைக்காரரையும் ஒரே கூண்டில் ஏற்றவும் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்ததை டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டுத் தருகிறவர்கள் பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்கள் வேலை நேர்மையான வேலை, அதற்குக் காசு கொடுப்பதும் நியாயம். ‘தலைப்பு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்’ என்று எவர் சொல்கிறாரோ அவரிடம்தான் உஷார்.

அவர் மிச்சத்தை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் தெரியுமா? அவருடைய கணினியில் பழைய ப்ராஜெக்டுகள் குவிந்து கிடக்கும். உங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் வருகிற ஒன்றை எடுப்பார். அட்டையில் உங்கள் பெயர், கல்லூரிப் பெயர், கைடு பெயர் ஏறும். நிறுவனத்தின் பெயரைக் ‘கண்டுபிடி, மாற்று’ என்று ஒரே சொடுக்கில் மாற்றுவார். அட்டையில் அரியலூர் சிமென்ட் ஆலைத் தொழிலாளர்கள் என்று இருக்கும், மூன்றாம் அத்தியாயத்துக்குப் போனால் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் பற்றி ஒரு பத்தி அப்படியே நிற்கும். வைவாவுக்கு வருகிற புறத்தேர்வாளர்களிடம் கேட்டுப் பாருங்கள், இந்த மாதிரிக் கதைகளை அவர்கள் சொல்வார்கள். ஒரே கடையில் வாங்கிய ஏழெட்டுப் பேரின் ப்ராஜெக்ட் ஒரே மேசைக்கு வந்து சேர்வதும் உண்டு. நன்றியுரையில் இருக்கும் எழுத்துப் பிழைகூட ஒன்றாக இருக்கும்.

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. கள ஆய்வு என்று நான்காம் அத்தியாயம் வரும். 120 பேரிடம் வினாத்தாள் கொடுத்ததாக எழுதியிருக்கும். ஆண் இத்தனை, பெண் இத்தனை, 25 வயதுக்குக் கீழே இத்தனை சதவீதம் என்று வரிசையாக அட்டவணைகள், வண்ணவண்ணமாகப் பை சார்ட்டுகள். அந்த 120 பேரும் எங்கேயும் பிறக்கவில்லை. கடைக்காரர் எக்செல் தாளில் எண்களைத் தட்டி உண்டாக்கிய மனிதர்கள் அவர்கள். இன்னொருவர் எழுத்தை எடுப்பது ஒரு குற்றம் என்றால், நடக்காத ஆய்வை நடந்ததாகக் காட்டுவது அதற்கும் மேலே. ஆராய்ச்சி உலகில் எங்கே போனாலும் இதற்கு மன்னிப்புக் கிடையாது. நீங்களோ, எழுதியது யாரோ என்று நினைத்துக்கொண்டு, உறுதிமொழிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தைப் போட்டுவிடுகிறீர்கள். ‘இது என்னுடைய சொந்த உழைப்பு, வேறு எங்கும் சமர்ப்பிக்கப்படவில்லை’ என்ற அந்தப் பக்கத்தைக் கடைக்காரரே டைப் அடித்து வைத்திருப்பார். அதன் கீழே கடைக்காரர் பெயர் இருக்காது.

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பாடத்திட்டங்கள் பலவற்றில் ப்ராஜெக்டுக்கான 100 மதிப்பெண்ணில் 80 ஆய்வேட்டுக்கும், 20 வைவாவுக்கும் பிரிக்கப்பட்டிருக்கிறது. 20 மார்க்தானே, போனால் போகிறது என்று கடைக்காரர் தைரியம் சொல்வார். நம்பாதீர்கள். அந்த இருபதுக்காகக் கேட்கும் கேள்விதான் எண்பதையும் அவிழ்க்கிறது. ஏன் இந்த 120 பேரைத் தேர்ந்தெடுத்தாய்? எந்த மாதம் போய்ப் பார்த்தாய்? கை-ஸ்கொயர் சோதனை எதற்காக இங்கே போட்டாய்? நிரப்பிய வினாத்தாள்கள் எங்கே? நாலு கேள்வி போதும். உண்மையாக ஊர் ஊராகப் போய்க் கேட்டவர் தட்டுத்தடுமாறியாவது பதில் சொல்லிவிடுவார். அவருடைய ஆங்கிலம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் தேர்வாளருக்குப் புரிந்துவிடும். வாங்கி வந்தவர் தன் பெயர் போட்ட புத்தகத்தைத் தானே முதல்முறையாகப் பார்ப்பதுபோல் புரட்டிக்கொண்டு நிற்பார்.

இனி சட்டத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கென்றே ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. முதுகலை, ஆராய்ச்சி நிலையில் கொடுக்கும் ஆய்வேடுகளுக்கு அதில் நான்கு படிகள் இருக்கின்றன. மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம்வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை போனால், திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு அதிகபட்சம் 6 மாதம். 40-க்கு மேல் 60 வரை என்றால், திருத்தியதைக்கூட ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. மேற்கோள் குறியோடும் மூலத்தைச் சொல்லியும் எடுத்தாண்ட வரிகள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை எல்லாம் இந்தக் கணக்கில் வராது. ஆகவே நேர்மையாக எழுதுகிறவர் பத்து சதவீதத்துக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

பட்டம் வாங்கிவிட்டால் தப்பித்தோம் என்பதும் கிடையாது. பட்டம் கொடுத்த பிறகு திருட்டு நிரூபணமானால், குறிப்பிட்ட காலத்துக்கு அந்தப் பட்டத்தை நிறுத்திவைக்கவும் அதே விதிகளில் இடம் இருக்கிறது. ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டன்பெர்க் தன் முனைவர் பட்டத்தை 2007-இல் வாங்கினார். ஆய்வேட்டில் பிறர் எழுத்து ஏராளமாக இருப்பதை 2011-இல் மக்கள் கண்டுபிடித்தார்கள். பைராய்ட் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, மார்ச் முதல் தேதி அவர் பதவியையும் விட்டு இறங்கினார். அமைச்சருக்கே அந்த நிலை. நாளைக்கு டி.ஆர்.பி. தேர்வு எழுதி ஆசிரியராகப் போகிறவருக்கும், கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கும் பட்டத்தின் மேல் ஒரு சந்தேகம் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த 2018 விதிகளில் ஒரு வரியைக் கடைக்காரர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அசைன்மென்ட், ப்ராஜெக்ட் அறிக்கை, வகுப்புக் கட்டுரை போன்றவை அந்த விதிகளின் வரையறைக்குள் வரமாட்டா. ‘யூஜிசி ரூல் உங்களுக்குக் கெடையாதுங்க’ என்று அதைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அது பாதி உண்மை. தேசிய அளவிலான அந்த நான்கு படித் தண்டனை இளங்கலை ப்ராஜெக்டுக்குப் பொருந்தாதுதான். ஆனால் நிராகரிக்கவும், மறுபடி செய்யச் சொல்லவும், வைவாவில் தோல்வி போடவும் கல்லூரிக்கும் தேர்வாளருக்கும் அந்த விதி எதற்கு? ப்ராஜெக்டில் ஒரு அரியர் விழுந்தால் பட்டம் ஒரு பருவமோ ஒரு வருடமோ தள்ளிப்போகும். கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலை அதுவரை காத்திருக்காது.

‘ஒரிஜினல் ரிப்போர்ட் இலவசம்’ என்கிறார்களே, அதில் இருக்கும் கண்ணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒப்புமை பார்க்கும் மென்பொருள் கொடுக்கும் அறிக்கைதான் அது. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் ‘சோத் சுத்தி’ திட்டத்தின் வழியே 2019 முதல் இத்தகைய மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கி வருகிறது. கடையில் தருகிற அறிக்கை எந்த மென்பொருளில் எடுத்தது, உங்கள் ப்ராஜெக்டுக்குத்தான் எடுத்ததா, ஃபோட்டோஷாப்பில் சதவீதத்தை மாற்றியதா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிய வழியில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. சில மென்பொருள்கள் தாங்கள் சோதித்த உரையைத் தங்கள் கிடங்கிலேயே சேமித்துக்கொள்ளும். கடைக்காரர் அப்படி ஏற்றிவிட்டால், பிறகு உங்கள் பல்கலைக்கழகம் அதே உரையைச் சோதிக்கும்போது நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது என்று வந்து நிற்கும். உண்மையிலேயே நீங்கள் எழுதியதாக இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். ஆகவே சொந்தமாக எழுதியவர்களும் வெளியில் எங்கும் கொடுத்துச் சோதிக்காதீர்கள். நூலகத்திலோ துறையிலோ கேளுங்கள். தமிழில் எழுதினால் மென்பொருளுக்குத் தெரியாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. பழைய பாமினி எழுத்துருக் காலத்துப் பேச்சு அது. யூனிகோடில் அடித்த தமிழை ஒப்பிட இன்றைக்கு மென்பொருள் உண்டு. லட்சக்கணக்கான ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் ஏறியிருக்கின்றன, தமிழாய்வுகளும் அங்கே இருக்கின்றன. மென்பொருளே வேண்டாம், உங்கள் தமிழ்ப் பேராசிரியருக்கு எந்த வரி யாருடையது என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்ததைப் படிக்கும்போது பெற்றோர்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. ப்ராஜெக்ட் வாங்கும் பிள்ளை கடைக்காரரிடம் என்னவெல்லாம் கொடுக்கிறது? பெயர், பதிவு எண், கல்லூரி, துறை, கைடின் பெயர், செல் நம்பர், பலநேரம் அடையாள அட்டையின் போட்டோ, சிலநேரம் ஆதார். கூடவே, ‘எனக்கு எழுதிக் கொடுங்கள்’ என்று தானே கேட்ட வாட்ஸ்அப் உரையாடல். மிரட்டுவதற்கு வேறு என்ன வேண்டும்? சொன்ன தொகைக்கு மேல் இன்னும் அனுப்பு, இல்லாவிட்டால் உங்கள் எச்.ஓ.டி.க்கு ஸ்கிரீன்ஷாட் போகும் என்று ஒருவர் சொன்னால், பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணோ பையனோ வீட்டில் சொல்ல முடியாமல் என்ன செய்யும்? ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் கட்டுரை எழுதித் தரும் நிறுவனங்கள் மாணவர்களை இப்படி மிரட்டிப் பணம் பறிப்பதாக அங்கே உயர்கல்வித் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்புகளே எச்சரித்திருக்கின்றன. படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் இந்த மிரட்டல் தொடரலாம். ஆஸ்திரேலியா 2020-இல் இப்படி எழுதி விற்பதற்குச் சிறைத் தண்டனை உள்ள சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்து 2022-இல் அதைக் குற்றமாக்கியது. இங்கே கடையைப் பிடிக்கத் தனிச் சட்டத்துக்குக் காத்திருக்கலாம். மிரட்டலைப் பிடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின் கீழ் குற்றம். பணம் ஆன்லைனில் போயிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள். முன்பணத்தை வாங்கிக்கொண்டு நம்பரை பிளாக் செய்துவிட்டுப் போகிறவர்களுக்கும் இதே எண்தான்.

அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. படிப்புக்கென்று வருகிற காசு. அதில் நாலைந்து மாதத்துப் பணத்தைச் சேர்த்து, படிக்காமல் இருப்பதற்காக ஒருவரிடம் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

‘கடைக்கே போகலீங்க, ஃபோன்லயே ஏஐ எழுதித் தருது’ என்கிறீர்களா? சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்ததிலிருந்து கடைக்காரர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்குவதே அந்த எழுத்தாக இருக்கலாம். இந்த மென்பொருள்கள் இல்லாத புத்தகத்துக்குப் பெயர் வைக்கும், எழுதாத ஆசிரியருக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும், பக்க எண்ணைக்கூடத் துணிந்து போடும். நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் 2023-இல் இப்படித்தான் நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5000 டாலர் அபராதம் கட்டினார்கள். தமிழ் இலக்கிய மாணவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புறநானூற்றில் இருப்பது 400 பாட்டு. 412-ஆம் பாட்டு என்று உங்கள் ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பு இருந்தால் அதற்கு நீங்கள் என்ன விளக்கம் சொல்வீர்கள்?

இதற்கு மறுபக்கமும் உண்டு, ஆசிரியர்களும் அதைக் கேட்க வேண்டும். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடித்துச் சொல்லும் கருவிகளை நம்பி ஒரு மாணவரைக் குற்றவாளியாக்காதீர்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய ஏழு கருவிகளில் கொடுத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் சோதித்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளைக் கருவிகள் சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியவை என்று சொல்லிவிட்டன. சாட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. எளிய சொற்களில், சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதுகிற நம் பிள்ளைகள்தான் இதில் அநியாயமாக மாட்டுவார்கள். ஆகவே மாணவர்களே, நீங்கள் எழுதியது உங்களுடையதுதான் என்று காட்டச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதிய முதல் வரைவு, நிரப்பிய வினாத்தாள்கள், களத்தில் எடுத்த படங்கள், கைடு சிவப்பு மையில் திருத்திய பக்கங்கள். பட்டம் கைக்கு வரும்வரை ஒரு தாளையும் எடைக்குப் போடாதீர்கள்.

முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். ‘கட்டுரையும் நாங்களே எழுதி, ஜர்னலிலும் போட்டுத் தருகிறோம்’ என்று வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். பட்டியலில் உள்ள இதழ் என்பார்கள். மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4305 இதழ்களை நீக்கியது. அதற்குப் பின் வந்த ‘யூஜிசி கேர்’ பட்டியலையும் 2025-இல் கைவிட்டது. பட்டியலைக் காட்டி யாராவது காசு கேட்டால் அது எந்தக் காலத்துப் பட்டியல் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. சில இடங்களில் ‘இந்தக் கடையில் கொடு, அவர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்கிறவர் கல்லூரிக்குள்ளேயே இருப்பார். அப்படி நடந்தால் மாணவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மானியக் குழுவின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருந்தாக வேண்டும், புகாரை 15 வேலை நாளுக்குள் பார்க்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

சரி, உண்மையான உதவி எங்கே கிடைக்கும்? முதலில் உங்கள் கைடு. ஒரு கைடுக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருப்பார்கள், அவருக்கும் நேரம் கிடையாது, உண்மைதான். ஆனால் ‘சார், எனக்கு எதுவுமே புரியல’ என்று போய் நின்றால் அவரும் எங்கிருந்து தொடங்குவார்? ‘மேடம், இந்த ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன், ரெண்டாவது பத்தி சரியா வரல’ என்று ஒரு தாளை நீட்டுங்கள். பத்து நிமிடத்தில் காரியம் நடக்கும். ஆங்கிலத் துறையில் இளைய ஆசிரியர் ஒருவர், போன வருடம் நன்றாகச் செய்த சீனியர் அக்கா, கல்லூரி நூலகர் என்று கேட்கத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகத்தில் செலவில்லாமல் படிக்கலாம். சோத்கங்காவைத் திறந்து உங்கள் தலைப்பில் வந்த ஆய்வேடு ஒன்றை எடுத்து, அவர் எப்படி அத்தியாயம் பிரித்திருக்கிறார் என்று பாருங்கள். பார்ப்பதற்குத்தான் அது, எடுப்பதற்கு இல்லை. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 1976-இல் தன் மாணவர்களுக்காக ஒரு எழுத்துக்கூடம் தொடங்கியது. அதன் பாடங்கள் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. மேற்கோள் காட்டுவது, அடிக்குறிப்பு போடுவது எல்லாம் படிப்படியாக இருக்கும்.

அத்தகைய எழுத்துக்கூடங்களில் உதவுகிறவர்கள் பேனாவை மாணவர் கையிலிருந்து வாங்குவதில்லை. இங்கே என்ன சொல்ல வந்தாய், இதற்கு ஆதாரம் எங்கே, இந்தப் பத்தி முன்னால் வந்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எழுதுவது மாணவர்தான். இதுவே உங்களுக்கு உரைகல். டியூஷன் என்று ஒருவரிடம் போய்விட்டு வீடு திரும்பும்போது உங்களுக்கு வேலை கூடியிருந்தால் அவர் சொல்லித்தருகிறவர். வேலையே இல்லாமல் ஆகிவிட்டது என்றால் அங்கே மறுபடி போகாதீர்கள். நம் கல்லூரி முதல்வர்களிடம் ஒரு வேண்டுகோள்: நூலகத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். ஜனவரியிலிருந்து மார்ச்வரை வாரம் இரண்டு மாலை, முதுகலை மாணவர்களை உட்காரவைத்து இளங்கலைப் பிள்ளைகளின் வரைவைப் படிக்கச் சொல்லுங்கள். கட்டடம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். இதை இந்த வருடமே தொடங்காவிட்டால் அந்த நாற்காலியில் கடைக்காரர் உட்கார்ந்துகொள்வார்.

தலைப்பிலும் உஷாராக இருங்கள். ‘பணியாளர் மனநிறைவு’, ‘நுகர்வோர் விருப்பம்’ போன்ற தலைப்புகள்தான் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும். யாரும் விற்க முடியாத தலைப்பு உங்கள் ஊரிலேயே இருக்கும்போது அதை எதற்கு எடுக்கிறீர்கள்? விலங்கியல் மாணவரா, 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரி 454 ஹெக்டேரில் பக்கத்தில் இருக்கிறது. மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அங்கே வந்து சேர்கிறது, வரித்தலை வாத்துகள் வலசை வருகின்றன. ஒரு மாதம் காலையில் போய்ப் பறவைகளை எண்ணினால் அந்த எண்கள் உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். வரலாறு படிக்கிறவருக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேடு, அங்கே தோண்டியதைப் பார்த்த ஊர்ப் பெரியவர்களின் நினைவுகள். நிலவியலில் ஆர்வம் இருந்தால் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம், எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டுபிடித்தது. காரைப் பகுதியில் காலடியில் கிடக்கும் கடல் உயிரிகளின் புதைபடிவங்களைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். வணிகவியல் மாணவி தன் அப்பாவின் சின்ன வெங்காயம் வயலிலிருந்து சந்தைக்குப் போகும்வரை எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் கிலோவுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று இருபது விவசாயிகளிடம் கேட்டு எழுதட்டும். செந்துறை, ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கூலியைப் பற்றி எழுதட்டும். அந்த நாலாம் அத்தியாயத்தை எந்தக் கடைக்காரராலும் எழுத முடியாது. வைவாவில் கேட்டால் உங்களாலும் பேச்சை நிறுத்த முடியாது.

கடைசியாக, ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்களுக்கு. இன்னும் காலம் இருக்கிறது. மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். வந்த கோப்பை உங்கள் பெயரில் எங்கும் சமர்ப்பிக்காதீர்கள், அதிலிருந்து ‘கொஞ்சம் மட்டும்’ எடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். உரையாடலையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள், மிரட்டினால் அதுதான் உங்களுக்குச் சாட்சி. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், அப்பாவிடம் பயமாக இருந்தால் அம்மாவிடமோ அண்ணனிடமோ. திட்டு விழும், தாங்கிக்கொள்ளலாம். மனசு மிகவும் தவித்தால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அடுத்த வேலை நாள் காலையில் கைடைப் போய்ப் பாருங்கள். தலைப்பைச் சுருக்கிக்கொள்ளலாமா, மாதிரியை 120-இலிருந்து 30 ஆக்கலாமா, எத்தனை நாள் அவகாசம் கிடைக்கும் என்று கேளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, தமிழிலோ உங்களுக்கு வந்த ஆங்கிலத்திலோ, உங்கள் கையால் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.